செக்குபந்தியில் இருக்கிறது விலை: அமெரிக்காவில் வேட்டை நிலம்

நம் ஊரில் நிலம் பார்க்கப் போனால் கேட்கிற கேள்விகள் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் எத்தனை அடியில், ரோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே, மண் எப்படி, பட்டா யார் பெயரில். இதற்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டால் சென்ட் என்ன விலைக்குப் போகும் என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரே சொல்லிவிடுவார். அந்தப் பழக்கத்தோடு இல்லினாய் மாநிலத்துக்கு வேலைக்கு வந்த நான், கூட வேலை பார்க்கும் ஒருவர் வாங்க நினைத்த 80 ஏக்கரைப் பார்க்க அவரோடு ஒரு சனிக்கிழமை போனேன். முக்கால்வாசி சரிவு. ஓக் மரங்கள், முள்புதர், மழை பெய்தால் மட்டும் ஓடும் ஓர் ஓடை. வீடு கிடையாது, கரண்ட் கிடையாது, செல்போன் சிக்னல்கூட ஒரு மேட்டில் ஏறி நின்றால்தான் கிடைத்தது. எங்கள் ஊராக இருந்தால் கரடு என்று சொல்லி ஆடு மேய விட்டிருப்பார்கள். அதற்குச் சொன்ன விலையைக் கேட்டதும், பூஜ்யத்தை ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது வேட்டை நிலம். மான் வேட்டைக்காகவே வாங்கப்படுகிற, விற்கப்படுகிற நிலம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே குற்றம் என்பதால் இப்படி ஒரு சந்தை நமக்குப் பழக்கமே இல்லை. அமெரிக்காவில் உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, எண்ணிக்கைக்கு உட்பட்டு வேட்டையாடுவது சட்டப்படி நடக்கிற காரியம். கோடிக்கும் மேற்பட்டவர்கள் செய்கிறார்கள். வேட்டை சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த நிலத்துக்கு ஏன் அந்த விலை என்பதை மட்டும், எனக்குப் புரிந்த வரிசையில் சொல்கிறேன். புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் நான் நிலத்துக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பாதிக் காரணம் வேலிக்கு வெளியே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். நிலத்தை வாங்கினால் அதில் மேயும் மான் உங்களுடையது ஆகாது. அமெரிக்காவில் காட்டு விலங்கு யாருக்கும் சொந்தமில்லை; மக்கள் சார்பாக அதைப் பராமரிக்கும் பொறுப்பு மாநில அரசுக்கு. எத்தனை மான், எந்த மாதம், வில்லா துப்பாக்கியா என்று தீர்மானிப்பதும் மாநிலம்தான். ஜெர்மனியில் கதை வேறு, அங்கே வேட்டை உரிமை நிலத்தோடேயே சேர்ந்தது, 75 ஹெக்டேருக்குமேல் ஒரே தொடர்ச்சியாக வைத்திருப்பவர் அதைத் தனி வேட்டைப் பகுதியாக நடத்தலாம். அமெரிக்க நிலச் சொந்தக்காரருக்கு இருப்பது ஒரே ஓர் உரிமை: என் நிலத்துக்குள் நீ வராதே என்று சொல்லும் உரிமை. மானுக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை, கொடுக்கவும் முடியாது. மான் நடமாடுகிற இடத்தில் வேறு மனிதன் நடமாடாமல் இருப்பதற்குத்தான் காசு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சரி, விலைக்கு வருவோம். எந்த வேட்டை நிலத்துக்கும் ஓர் அடிமட்ட விலை உண்டு. மான் என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் அந்த நிலம் என்ன சம்பாதிக்கும் என்பதுதான் அது. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், அதாவது இல்லினாய், அயோவா, மிசௌரி, விஸ்கான்சின் பக்கம், ஒரே பத்திரத்தில் கொஞ்சம் உழவு நிலமும் கொஞ்சம் காடும் கலந்தே வரும். உழவு நிலத்தைப் பக்கத்து விவசாயி மக்காச்சோளமும் சோயாவும் போடக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வார். அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் வருடா வருடம் எடுக்கும் கணக்கெடுப்பில் அந்த மாநில விவசாய நிலத்தின் சராசரி விலை 2023-இல் ஏக்கருக்கு 11,835 டாலர், 2024-இல் 11,467 டாலர். காட்டுச் சரிவுக்கு இந்த விலை கிடையாது, ஆனால் உழவு நிலத்தின் விலை ஏறும்போது அதை ஒட்டிய காடும் சேர்ந்து ஏறுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் ஒரு கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். எண்கள் நானே வைத்துக்கொண்டவை. ஒரு 100 ஏக்கர். அதில் 40 உழவு, 60 காடு. உழவு ஏக்கர் 9,000 டாலர், காடு 5,000 என்றால் மொத்தம் 6,60,000, சராசரி 6,600. அடுத்த தெருவில், தெரு என்றால் அங்கே அடுத்த மண்ரோடு, இன்னொரு 100 ஏக்கர் ஏக்கர் 6,000 என்று விற்பனைக்கு வருகிறது. மலிவாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் உழவு 10 ஏக்கர்தான், மீதி 90 காடு. உழவுக்கு 90,000 கழித்தால் பாக்கி 5,10,000 டாலர், அதை 90-ஆல் வகுத்தால் காட்டுக்கு மட்டும் ஏக்கர் 5,667 வருகிறது. மலிவு என்று நினைத்ததுதான் விலை கூடியது. விளம்பரத்தில் ஏக்கர் விலையைப் பார்த்து இரண்டு இடங்களை ஒப்பிடுவது வீண்வேலை. உழவு எத்தனை, காடு எத்தனை, புல்வெளி எத்தனை என்று பிரித்து எழுதிக்கொண்ட பிறகுதான் பேச்சே.

புல்வெளி என்றேன் அல்லவா, அதற்குள் ஓர் அரசுத் திட்டம் ஒளிந்திருக்கும். 1985-ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தோடு வந்த நிலப் பாதுகாப்பு இருப்புத் திட்டத்தில், மண் அரிக்கும் சரிவு நிலத்தை உழாமல் புல்லும் மரமும் வளர விட்டால் மத்திய விவசாயத் துறை 10 முதல் 15 வருட ஒப்பந்தம் போட்டு வருடா வருடம் வாடகை தரும். வேட்டைக்காரருக்கு இது இரட்டை லாபம்: இடுப்பு உயரப் புல் மான் படுக்க நல்ல மறைவு, கூடவே அரசிடமிருந்து பணம், வேட்டைக்கும் தடையில்லை. ஆனால் நிலத்தை வாங்குபவர் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார், நடுவில் முறித்தால் இதுவரை கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 2007-இல் இந்தத் திட்டத்தில் சுமார் 3 கோடியே 68 லட்சம் ஏக்கர் இருந்தது. அதன்பிறகு எத்தனாலுக்கான தேவையால் மக்காச்சோளம் விலை ஏறி, 2012 வறட்சியில் ஒரு புஷல் (சுமார் 25 கிலோ) 8 டாலரைத் தாண்டவும், ஒப்பந்தம் முடிந்த புல்வெளிகளை விவசாயிகள் திரும்ப உழுதுவிட்டார்கள். மான் படுக்கும் இடம் குறைந்தது. மிச்சம் இருந்த காட்டுக்கும் புல்லுக்கும் கிராக்கி கூடியது.

மரமும் வருமானம்தான். கறுப்பு வால்நட் மரம் நல்ல விலைக்குப் போகும், வெள்ளை ஓக் விஸ்கி பீப்பாய்க்குப் போகும். விற்கப் போகும் சொந்தக்காரர் பல நேரம் நல்ல மரத்தையெல்லாம் முதலில் வெட்டி விற்றுவிட்டு அப்புறம்தான் நிலத்தைச் சந்தைக்குக் கொண்டு வருவார். வேட்டைக்காரர் பார்வையில் இது முழு நட்டமும் இல்லை, வெட்டிய இடத்தில் வெயில் இறங்கிப் புதர் மண்டும், மானுக்கு அது தீனியும் மறைவும். ஆனால் வெள்ளை ஓக் கொட்டை கசப்புக் குறைவு, இலையுதிர் காலத்தில் மான் தேடி வருவது அதைத்தான். அந்த மரம் போய்விட்டால் திரும்ப வளர ஒரு தலைமுறை ஆகும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலிக்கு உள்ளே. இதற்குமேல் ஒருவர் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் ஒரே விஷயத்துக்குத்தான்: வயது முதிர்ந்த ஆண் மான்.

இங்கே பேச்சு முழுவதும் வெள்ளைவால் மானைப் பற்றியது. இதன் ஆண் வருடா வருடம் கொம்பை உதிர்த்துப் புதிதாக முளைக்க வைக்கும், ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பெரிதாக. ஐந்து ஆறு வயதில்தான் கொம்பு முழு அளவுக்கு வரும். அந்தக் கொம்பின் நீளம், கிளைகள், சுற்றளவு என்று ஒவ்வொன்றையும் அங்குலக் கணக்கில் அளந்து, எல்லாவற்றையும் கூட்டிப் புள்ளி கொடுத்துப் பதிவு செய்யும் சங்கங்கள் உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட்டும் நண்பர்களும் 1887-இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப் அதில் பழையது. அவர்களுடைய நிரந்தரப் பதிவேட்டில் இடம்பெற வழக்கமான வடிவக் கொம்புக்கு 170 அங்குலம் வேண்டும். அந்த எண்ணுக்காக ஒரு மனிதர் பத்து வருடம் காத்திருப்பார் என்பது வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு விநோதமாக இருக்கலாம். நான் பார்த்த வரையில் அது உண்மையான ஏக்கம். அந்த ஏக்கத்தைச் சுற்றித்தான் இந்தச் சந்தை நிற்கிறது.

கொம்பு பெரிதாக மூன்று வேண்டும் என்பார்கள்: நல்ல மண், நல்ல தீனி, வயது. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய பகுதிகளில் மண்ணுக்கும் தீனிக்கும் குறைவில்லை. மக்காச்சோளமும் சோயாவும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருக்கிறது, மலைச்சரிவுக் காடு அதோடு உரசிக்கொண்டு நிற்கிறது. இல்லினாயில் இல்லினாய் ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவில் இருக்கும் பைக் கவுண்டியும் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), விஸ்கான்சினில் மிசிசிப்பிக் கரையில் இருக்கும் பஃபலோ கவுண்டியும் வேட்டைக்காரர்கள் நடுவில் பெயர் பெற்றது இதனால்தான். பஃபலோ கவுண்டி இருக்கும் பகுதி பனியுகத்துப் பனிப்பாறைகள் படராமல் விட்ட இடம். சுற்றியுள்ள ஊர்கள் தட்டையாக இழைக்கப்பட்டுவிட, இங்கே மட்டும் குன்றும் பள்ளத்தாக்கும் அப்படியே இருக்கிறது. தட்டையான இடத்தை உழுதுவிட்டார்கள், குன்றை உழ முடியவில்லை, அங்கே காடு தங்கியது, காட்டில் மான் தங்கியது. நம் ஊரில் விலையைக் குறைக்கிற மேடுபள்ளம் அங்கே விலையை ஏற்றுகிறது.

மண்ணும் தீனியும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில் ஒன்றுபோலத்தான். வயதுதான் வேறுபடுகிறது, அதை நிர்ணயிப்பது மாநிலச் சட்டம். நவம்பரில் இணைசேரும் பருவத்தில் ஆண் மான் பயமெல்லாம் மறந்து பட்டப்பகலில் பெண் மான் பின்னால் அலையும். அந்த நேரத்தில் துப்பாக்கிக்கு அனுமதி கொடுத்தால் இளசுகள் நிறைய விழும். மிசௌரியில் துப்பாக்கிப் பருவம் நவம்பர் நடுவில் வருகிறது, ரைஃபிளும் உண்டு. அயோவாவில் பொதுவான துப்பாக்கிப் பருவம் டிசம்பரில்தான், அலைச்சல் எல்லாம் ஓய்ந்த பிறகு. ஆகவே அயோவாவில் ஆண் மான் ஐந்து வயதைத் தொடுவதற்கு வாய்ப்பு அதிகம். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிக் காடு, ஒரே ஓடை, ஆனாலும் வேட்டைக்காரர் இரண்டையும் ஒன்றாக மதிப்பதில்லை.

அயோவாவில் இன்னொரு சிக்கலும் உண்டு, இது எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது. வெளிமாநிலத்தவருக்கு ஆண் மான் சுடும் அனுமதிச்சீட்டு வருடத்துக்கு 6,000 மட்டும், குலுக்கல் முறையில். பேர் போன பகுதிகளில் பல வருடம் காத்திருந்தால்தான் முறை வரும். சிகாகோவில் வாழும் ஒருவர் அயோவாவில் 200 ஏக்கர் வாங்கினாலும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும், தன் சொந்த நிலத்தில் வேட்டையாடவும் முறை வர வேண்டும். இது விலையை இரண்டு பக்கமும் இழுக்கிறது. வெளியூர்ப் பணம் தயங்குவதால் விலை அடங்குகிறது; வேட்டை குறைவாக நடப்பதால் மான் முதிர்ந்து, அந்தப் பெயரே விலையை ஏற்றுகிறது. வெளிமாநில நிலச் சொந்தக்காரருக்கு நேரடியாகச் சீட்டு கொடுக்கலாம் என்ற யோசனை அங்கே அவ்வப்போது எழுகிறது, உள்ளூர்க்காரர்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள். விலை ஏறினால் தங்கள் பிள்ளைகள் வாங்க முடியாது என்பது அவர்கள் பயம். எனக்கு அந்தப் பயம் நியாயமாகவே தோன்றுகிறது. இல்லினாயில் 40 ஏக்கரோ அதற்கு மேலோ சொந்தமாக வைத்திருந்தால், தன் நிலத்தில் வேட்டையாட நிலச் சொந்தக்காரர் என்ற முறையில் சீட்டு கேட்கலாம். கான்சாஸில் அந்த எல்லை 80 ஏக்கர். அதனால் 38 ஏக்கரையும் 40 ஏக்கரையும் வாங்குபவர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

இந்த 40, 80 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றும் சொல்லிவிடுகிறேன். 1785-இல் வந்த நில அளவைச் சட்டத்தின்படி மேற்கு நோக்கி நாட்டையே சதுரம் சதுரமாக வெட்டினார்கள். ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம், 640 ஏக்கர். அதைப் பாதி பாதியாக வெட்டினால் 320, 160, 80, 40. இன்றும் நிலம் கைமாறுவது பெரும்பாலும் இந்த அளவுகளில்தான். ஒரு மான் பொதுவாகச் சுற்றித் திரியும் பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மைல் என்பார்கள், அதாவது அந்த 640 ஏக்கர். நீங்கள் 80 ஏக்கர் வாங்கினால் உங்களிடம் இருப்பது மானின் வீட்டில் எட்டில் ஒரு பங்கு. மீதி ஏழு பங்கு யாரிடம் இருக்கிறது?

நம் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி வரும். வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் தோப்பு, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை என்று. நமக்கு அது சொத்தை அடையாளம் காட்டும் சடங்கு, எழுத்தர் எழுதுவார், நாம் தலையாட்டுவோம். வேட்டை நிலத்தில் அந்த நாலு வரிதான் உயிர். வடக்குப் பக்கத்துக்காரர் இரண்டு வயது மானைக் கண்டால் விட்டுவிடுகிறவர் என்றால் உங்கள் நிலத்துக்கு ஒரு மதிப்பு. அவரே எட்டு நண்பர்களை வரவழைத்துக் கண்ணில் பட்டதையெல்லாம் சுடுகிறவர் என்றால் நீங்கள் எத்தனை மரம் நட்டும், தீவனம் விதைத்தும் பயனில்லை. நீங்கள் மூன்று வருடம் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த மான் வேலி தாண்டிய மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். சுற்றியுள்ள ஆறேழு பேர் சேர்ந்து, இத்தனை வயதுக்குக் கீழே சுடுவதில்லை என்று வாய்ப்பேச்சாக ஒத்துக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. எந்தப் பத்திரத்திலும் அது எழுதப்பட்டிருக்காது. விலையில் மட்டும் இருக்கும். அந்த ஆறேழு பேரில் இரண்டு பேர் விற்றுவிட்டுப் போனால் அதுவும் போய்விடும்.

பக்கத்துக்காரர் பெரிய ஆளாக, ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கிறவராக இருந்தால் வேறு ஒரு கணக்கு. அந்த ஆயிரம் ஏக்கர் அமைதியாக இருந்தால் உங்கள் 40 ஏக்கருக்கு அந்த அமைதியில் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கிறது, அதனால் ஏக்கர் விலை கூடும். அதோடு, விற்க நினைக்கும் நாளில் முதல் ஆளாக வந்து கேட்பவரும் அவராகவே இருப்பார், ஒட்டிய நிலத்துக்குக் கூடுதல் கொடுக்கத் தயங்க மாட்டார். நம் ஊரிலும் இது உண்டு, வரப்பை ஒட்டிய காணி வந்தால் கடன் வாங்கியாவது முடித்துவிடுவார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை. மானுக்கு மூக்குத்தான் எல்லாம். இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வீசும். ஒரு நிலத்துக்கு நுழைவு மேற்குப் பக்கம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வண்டியை விட்டு இறங்கியதுமே உங்கள் வாடை காட்டுக்குள் உங்களுக்கு முன்னால் போய்விடும், நீங்கள் மரத்தில் ஏறி உட்காரும்போது மான் அடுத்த நிலத்தில் இருக்கும். அதே 80 ஏக்கருக்குக் கிழக்கில் ரோடு இருந்தால் சத்தமில்லாமல், வாடையில்லாமல் உள்ளே போய் வரலாம். என்னைக் கூட்டிப்போனவர் ஒரு நல்ல காட்டை இந்த ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றார். அந்தக் காடு அடுத்த ஆறு மாதம் விற்பனையிலேயே கிடந்தது, விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வடிவமும் இப்படித்தான். சதுரமான 80 ஏக்கரில் நடுவில் யாரும் தொடாத ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். ரிப்பன் மாதிரி நீளமாக இருந்தால் எங்கே நின்றாலும் எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில், நிலம் முழுவதும் ஓரமாகவே இருக்கும்.

பாதை இல்லாத நிலம் எங்கேயும் மலிவுதான். அடுத்தவர் நிலம் வழியாகப் போக வேண்டும் என்றால் வண்டிப்பாதை பாத்தியம் எழுத்தில் இருக்கிறதா, அது வாரிசுக்கும் வாங்குபவருக்கும் செல்லுமா என்று வக்கீலை வைத்துப் பார்க்க வேண்டும். “அவரு ரொம்ப நல்லவரு, இருபது வருசமா விட்டுக்கிட்டுத்தான் இருக்காரு” என்பது நம் ஊரிலும் செல்லாது, அங்கேயும் செல்லாது.

ஆனால் இந்தப் பாதை விவகாரம் தலைகீழாக மாறி விலையை ஏற்றும் ஓர் இடம் உண்டு, அது மேற்கே வயோமிங் பக்கம். 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு அரசு பாதையின் இருபுறமும் ஒன்றுவிட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தது. சதுரங்கப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் பொது நிலம். வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்குப் போக, மூலையோடு மூலை தொடும் அந்தப் புள்ளியைத் தாண்டினால் போதும், ஆனால் தாண்டும் நொடியில் உடம்பு கறுப்புக் கட்டத்துக்கு மேலே உள்ள காற்றில் நுழைகிறது, அது அத்துமீறல் என்று தனியார் சொந்தக்காரர்கள் சொல்லி வந்தார்கள். இப்படி மூலையில் அடைபட்ட பொது நிலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் சுமார் 83 லட்சம் ஏக்கர் என்று வேட்டை வரைபடச் செயலி நடத்தும் ஆன்எக்ஸ் நிறுவனம் 2022-இல் கணக்கிட்டது. கறுப்புக் கட்டத்தை வாங்கியவருக்கு வெள்ளைக் கட்டமும் நடைமுறையில் தனிச்சொத்து மாதிரி இருந்தது, வேறு யாரும் வர முடியவில்லையே. 2021-இல் மிசௌரியிலிருந்து போன நான்கு வேட்டைக்காரர்கள் எல்க் மவுண்டன் என்ற இடத்தில் ஒரு ஏணியை வைத்து, தனியார் மண்ணில் கால் படாமல் அந்த மூலையைத் தாண்டினார்கள். பண்ணைச் சொந்தக்காரர் வழக்குப் போட்டார். இப்படித் தாண்டலாம் என்று ஆகிவிட்டால் தன் பண்ணையின் மதிப்பு 70 லட்சம் டாலருக்குமேல் குறையும் என்பது அவர் தரப்பு வாதம்.

அந்த எண்ணைத்தான் நான் இங்கே காட்ட நினைத்தேன். ஒரு பிடி மண்கூட அவர் நிலத்திலிருந்து குறையவில்லை. அடுத்த கட்டத்துக்குள், அரசு நிலத்துக்குள், பொது ஜனம் வரலாம் என்றவுடனே இத்தனை லட்சம் டாலர் போகும் என்றால், அந்தப் பணம் முதலிலேயே எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது வெட்டவெளிச்சம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சில், பொது நிலத்தை அடைத்து வேலி போடக்கூடாது என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது; அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பில் மகிழ்ச்சி. மக்களுடைய நிலத்தைச் சுற்றி இருக்கும் நிலத்தை வாங்கி, மக்களுடைய நிலத்துக்கும் சேர்த்து விலை வைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

பணத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லலாம். வேட்டை நிலம் வாங்காவிட்டால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள், அதனால் கையில் காசு புரளும்போது விலை ஏறும், வட்டி ஏறும்போது முதலில் படுப்பதும் இதுதான். மேலே சொன்ன 6,60,000 டாலர் நிலத்துக்கு 4,50,000 கடன் என்று வையுங்கள். வட்டி 4 சதவீதம் என்றால் வருடத்துக்கு வட்டி மட்டும் 18,000. 7 சதவீதம் என்றால் 31,500. உழவு நிலம் 40 ஏக்கரைக் குத்தகைக்கு விட்டு ஏக்கருக்கு 250 வந்தால் 10,000 கிடைக்கும். முதல் கணக்கில் பாதிக்குமேல் குத்தகையே கட்டிவிடும், இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கீழே. 2020, 2021-இல் வட்டியும் தரைமட்டம், ஊரடங்கில் எல்லோருக்கும் காட்டுப் பக்கம் போக ஆசை, விலை பறந்தது. 2022-க்குப் பிறகு வட்டி ஏறியது. அப்படியும் நல்ல இடங்கள் பெரிதாக இறங்கவில்லை, ஏனென்றால் அவற்றை வாங்குகிறவர்களில் பலர் கடனே வாங்குவதில்லை. இதோடு வரிச் சட்டத்தில் ஒரு சலுகையும் உண்டு: முதலீட்டுக்கு வைத்திருந்த ஒரு நிலத்தை விற்று, 45 நாளில் அடுத்த நிலத்தைக் குறித்து 180 நாளில் வாங்கிவிட்டால், விற்ற லாபத்துக்கான வரியைத் தள்ளிப்போடலாம். நாள் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மனிதர் பேரம் பேசுவது குறைவு. அவர் கொடுத்த விலை பதிவாகி, அடுத்தவருக்கு அது சந்தை விலை ஆகிவிடுகிறது.

பெருநகரத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்பதும் உண்டு. பைக் கவுண்டி செயின்ட் லூயிஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்ற தூரத்தில் இருக்கும் நிலத்துக்கு, அதைவிட நல்ல மான் இருக்கும் தூரத்து நிலத்தைவிடக் கூடுதல் விலை கிடைக்கும்.

வாங்க முடியாதவர்கள் வருடக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். நிலத்தில் 95 சதவீதம் அளவுக்குத் தனியாரிடம் இருக்கும் டெக்சாஸில் வேட்டை என்றாலே பெரும்பாலும் குத்தகைதான். ஒரு பகுதியில் குத்தகை விகிதம் ஏறினால் நிலத்தின் விலையும் பின்னாலேயே வரும். அதே டெக்சாஸில் 1995-இல் அரசியலமைப்பைத் திருத்தி, மாடு வளர்க்காமல் வனவிலங்குக்காகப் பராமரிக்கும் நிலத்துக்கும் விவசாய நிலத்தின் குறைந்த வரியையே வைத்தார்கள். வேட்டைக்காக மட்டும் நிலம் வைத்திருப்பது அதனால் எளிதாயிற்று.

நோயும் விலையில் வந்து நிற்கிறது. மானின் மூளையை அழிக்கும் நாட்பட்ட நலிவு நோய் 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது, 2002-இல் விஸ்கான்சினில் கண்டார்கள். மருந்து கிடையாது, மண்ணிலும் பல வருடம் தங்கும். கொசு மாதிரியான சிறு பூச்சியால் பரவும் ரத்தக்கசிவு நோய் வேறு வகை. அது வறட்சியான கோடையில் வந்து ஓடைக்கரையெல்லாம் மானைச் சாய்த்துவிட்டுப் போகும், 2012-இல் நடுமேற்கில் அப்படித்தான் ஆனது. இரண்டாவதிலிருந்து மான் கூட்டம் சில வருடத்தில் மீண்டுவிடும். முதலாவது மெதுவாக வருவது, போகாமல் இருப்பது. ஆனால் விற்பவர் தரும் புகைப்படங்களில் இது இரண்டுமே தெரியாது, பல நேரம் அந்தப் படத்தில் இருக்கும் மான் உயிரோடுகூட இருக்காது.

அப்புறம் அந்த 80 ஏக்கருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடுமேற்குக் கவுண்டிகளில் பிளாட் புக் என்று ஒரு புத்தகம் கிடைக்கும், ஒவ்வொரு சதுர மைலும் வரைந்து, எந்தத் துண்டு யாருடையது, எத்தனை ஏக்கர் என்று பெயரோடு போட்டிருக்கும். விற்பவரின் புரோக்கர் கொம்பு மான் படங்களை மேசையில் பரப்பியபோது நண்பர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு இந்தப் புத்தகத்தைத் திறந்தார். சுற்றியுள்ள பதினோரு துண்டுகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அடுத்த இரண்டு வார இறுதிகளும் அவர் காட்டுக்குள் போகவே இல்லை. அந்தப் பதினோரு வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டி, காபி குடித்து, நீங்கள் எப்படி வேட்டையாடுவீர்கள், நிலத்தை யாருக்கு விட்டுப் போவீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தார். தெற்கே 160 ஏக்கர் வைத்திருந்த மூதாட்டி, தன் பிள்ளைகள் மூவரும் வெளியூரில் இருக்கிறார்கள், தனக்குப் பிறகு துண்டு போட்டு விற்றுவிடுவார்கள் என்று சொன்னார். விற்பவர் சொன்ன விலையில் நாற்பதாயிரம் டாலர் குறைத்து நண்பர் கேட்டார். விற்றவர் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.